முப்பத்தொன்பது மாடல் பற்றி நீ கேட்டதற்கு

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கல்யாணத் தேதி வைத்தாகிவிட்டது என்று படித்தேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், அவர்கள் என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உன் அப்பா போனதிலிருந்து எதுவும் எனக்குள் உடனே வந்து சேருவதில்லை. வாய் சிரிக்கிறது, கை வேலையைச் செய்கிறது, மற்றது எங்கேயோ நின்றுவிடுகிறது. அதை உன் கல்யாணத்தின் மேல் எனக்கு இருக்கும் குறையாக எடுத்துக்கொள்ளாதே.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனாராக வரப்போகிறவர் பட்டாளத்தில் மேஜராக இருந்தவர், பெங்களூரில் பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து ஓட்டுகிறவர், யுத்தத்துக்கு முந்தின மாடல் ஒன்று கிடைக்காதா என்று அலைகிறார் என்று எழுதியிருக்கிறாய். கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில் ஒரு முப்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி நிற்கிறது என்று நீ அவரிடம் சொல்லியும் விட்டாய். போன தடவை வந்தபோது மேலே போர்த்திய சாக்கைத் தூக்கி இன்ஜின் நம்பரைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய். "அவர் எழுதிக் கேட்டால் முப்பத்தொன்பதுதான் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்" என்கிறாய். கடைசியில் "நாலைந்து வருஷம் முன்னே பின்னே இருந்தால் என்னம்மா, எல்லாம் பழசுதானே?" என்றும் கேட்டிருக்கிறாய். எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்தக் கேள்விக்காக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வருஷத்தைச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த அளவில். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பதில் சீமையில் செய்த வண்டிகள் அவசரமில்லாமல் செய்தவை. இன்ஜினின் பக்க மூடி அலுமினியம், டாங்க்கில் நல்ல நிக்கல் பூச்சு, கைப்பிடியிலும் கால் வைக்கிற இடத்திலும் கெட்டியான ரப்பர். யுத்தம் வந்ததும் அலுமினியம் எல்லாம் ஆகாய விமானத்துக்குப் போய்விட்டது, மூடிகள் இரும்பாகிவிட்டன. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்ததும் ரப்பர் வரவில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்றில் வந்த வண்டிகளில் கைப்பிடிக்குக் கித்தான் துணியைச் சுற்றியிருப்பார்கள், கால் வைக்கிற இடம் வெறும் இரும்பு. எல்லாம் ஒரே பச்சை வர்ணம். அவை மோசமான வண்டிகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டாளத்தில் யார் யாரோ ஓட்டி, எங்கெங்கோ மோதி, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் போட்டு, எது எதனுடைய பிள்ளை என்று தெரியாமல் திரும்பி வந்தவை. யுத்தம் முடிந்த பிறகு கொஞ்ச நாள் நன்றாக வந்தன. அப்புறம் ஐம்பத்திரண்டு வாக்கில் சீமையிலேயே நிக்கல் தட்டுப்பாடு, டாங்க்குக்கு வெறும் வர்ணம்தான். இப்போது திருவொற்றியூரிலேயே பூட்டுகிறார்கள். அந்த வண்டிக்கு ஒரு மவுசும் வேறு வண்டிக்கு வேறு மவுசும் இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்கள் வருஷத்தை மட்டும் கேட்க மாட்டார்கள். இன்ஜினின் வருஷமும் அதைத் தாங்குகிற இரும்புச் சட்டமான பிரேமின் வருஷமும் ஒன்றுதானா என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றாகவே பிறந்து, ஒன்றாகவே இருந்தால் அந்த வண்டி பெரிய அடி எதுவும் படாமல் வந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். மேஜருக்கு இது தெரிந்திருக்கும்.

உன் அப்பாவுக்கு இதெல்லாம் கையால் தெரியும். அவருடைய அப்பா வயலில் கூலிக்கு நின்றவர், இவர் பட்டாளத்துக்குப் போய் மோட்டார் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தவர். நாற்பத்தாறில் திரும்பி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஸ்பானர்களும் ஒரு மெல்லிய இங்கிலீஷ் புத்தகமும் கொண்டுவந்தார். எந்த நம்பர் எந்த வருஷம் என்று கம்பெனிக்காரன் அச்சடித்த புத்தகம். அவருக்கு அதைப் படிக்க வராது. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் என்பதற்காகத்தான் என்னைக் கட்டினதாக விளையாட்டாகச் சொல்வார். ஆவடியில் பட்டாளத்து வண்டிகளை ஏலம் விடும்போது இரண்டு மூன்றாக எடுத்து வருவார். கல்கத்தா ரோட்டோரம் நம் ஷெட்டில் அவற்றைப் பிரித்துப் பூட்டி விற்போம். அவர் இரும்பைப் பார்ப்பார், நான் நம்பரைப் பார்ப்பேன். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, நம்பரைப் படித்து, புத்தகத்தைப் புரட்டி வருஷம் சொல்வேன். பொன்னேரியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லாருக்கும் நான் டீச்சரம்மா. ஒரு நாளும் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. இருந்தாலும் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது.

ஷெட்டில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. இரண்டு நம்பரும் ஒரே வருஷத்தில் இருந்தால் வண்டியை அப்படியே தட்டிப் பார்த்துக் கொடுத்துவிடுவார். இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஹாண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் இருக்கும் வர்ணம் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. "மாத்தி வச்ச வண்டின்னா இன்னாத்துக்கோ மாத்திக்கிறான்னு அர்த்தம். அது இன்னான்னு பாக்காம குடுக்கக் கூடாது" என்பார்.

நான் சொல்ல வந்த வண்டியை நாம் விற்றது ஐம்பதாம் வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது திருவள்ளூரில் ஹாஸ்டலில் இருந்தாய். பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் லாரியிலும் வண்டியிலும் வந்து எதிரில் டீக்கடையில் இறங்கி நின்றார்கள். பழவேற்காட்டிலிருந்து கபீர் வந்திருந்தான், கூடவே அவனுடைய வாப்பா. இறாலும் கருவாடும் வாங்கிப் பொன்னேரி ஸ்டேஷனுக்கு அனுப்புகிற குடும்பம். கபீருக்கு இருபத்தைந்து வயது, கல்யாணமாகி ஆறு மாதம். யுத்தத்துக்கு முந்தின மாடல்தான் வேண்டும் என்று நான்கைந்து தடவை வந்து போனவன். அன்றைக்கு அவனுக்காகவே ஒரு வண்டி கழுவி நின்றது. நிக்கல் டாங்க், ரப்பர் கைப்பிடி, அலுமினிய மூடி. பார்த்தாலே தெரியும். நான் இன்ஜின் நம்பரைப் படித்து, புத்தகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன், முப்பத்தொன்பது என்று. கபீர் சந்தோஷத்தில் கைதட்டினான். டீக்கடையில் நின்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சரம்மா சொன்னா அது சொன்னதுதான்" என்றார் அவனுடைய வாப்பா.

அப்புறம் குனிந்து கழுத்தில் பிரேம் நம்பரைத் துடைத்தேன். அது நாற்பத்துமூன்றாம் வருஷத்துப் பக்கத்து நம்பர். அதற்குள் அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம், புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. உன் அப்பா சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னா, ரெண்டும் ஒத்துப்போச்சா?" என்றார். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு தரகன், நான் ஒரு நம்பரைத் தப்பாகப் படித்ததைக் கண்டுபிடித்து, எட்டாங்கிளாஸ் படிப்பு இவ்வளவுதான் வரும் என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டுப் போயிருந்தான். சத்தமாக முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டு, அத்தனை முகங்களும் பார்க்கும்போது, அது பாதிதான் முப்பத்தொன்பது என்று மாற்றிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. "ஒத்துப்போச்சு" என்றேன். அவ்வளவுதான், ஒரு சொல். வருஷம் மாறினால் என்ன, எல்லாம் பழசுதானே என்று நானும் நினைத்தேன். நீ இப்போது எழுதியிருக்கிற அதே வார்த்தைதான்.

அவர் வர்ணத்தைச் சுரண்டவில்லை. கபீர் வாப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான்.

கார்த்திகை மாதம் மழை விட்டிருந்த ஒரு காலையில், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பாலத்துப் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியபோது வண்டியின் கழுத்து முறிந்தது. கபீர் தனியாகத்தான் போயிருக்கிறான். அவன் மேலேயே வண்டி விழுந்தது. மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அவனுடைய வாப்பா அந்த வண்டியை ஒரு மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்து ஷெட் வாசலில் இறக்கினார். சண்டை போடுவார் என்று நினைத்தோம். "நீங்களே பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முறிந்த இடத்தில் இரும்புக்கு நடுவே மஞ்சளாகத் தெரிந்தது. யாரோ எப்போதோ விரிசல் விட்ட கழுத்தைப் பித்தளை ஊற்றி ஒட்டி, மேலே மக்குப் பூசி மட்டமாக்கி, வர்ணம் அடித்திருக்கிறார்கள். சுரண்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

உன் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நம்பரு ஒத்துப்போச்சேன்னு வுட்டுட்டேன். ஒத்துப்போனாலும் சொரண்டிக்கணும். எம்மா நாள் வேல செஞ்சிக்கினு இருக்கேன், இது கூடத் தோணலையே எனக்கு" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிரேம் நம்பர் அவர் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. புத்தகம் அலமாரியில் இருந்தது. அவர் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொன்ன ஒன்றைச் சரிபார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று ராத்திரி சொல்லலாம் என்று நினைத்தேன், மறுநாள் என்று நினைத்தேன், பொங்கல் கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டேன். அடுப்பு மூட்டினேன், சோறு வடித்தேன், கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை.

மிச்சத்தில் கொஞ்சம் உனக்கே தெரியும். அதன் பிறகு அவர் வண்டி விற்கவில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார், லாரிக்காரர்களுக்குச் சில்லறை வேலை செய்தார். உன் ஹாஸ்டலில் யாரோ உன்னைக் கால் ஒடித்த மெக்கானிக் பிள்ளை என்று கூப்பிட்டார்களாம். லீவுக்கு வந்தபோது நீ அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாய், "இனிமே என் ஸ்கூல் பக்கம் வராதீங்க" என்று. அவர் "சரிப்பா" என்றார். அப்புறம் வரவே இல்லை. உனக்குத் துணியோ பலகாரமோ கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் நான்தான் பஸ் ஏறி வருவேன். வழியெல்லாம் உன்னிடம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன், உன்னைப் பார்த்ததும் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஐம்பத்தைந்தில் மஞ்சள்காமாலையில் அவர் கிடந்தபோது நீ வந்தாய். இரண்டு நாள் இருந்தாய். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பெங்களூருக்கு ரயில் ஏறினாய். உன்னை நான் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததை வைத்து நீ நடந்துகொண்டாய். உனக்கு அப்படித் தெரியும்படி விட்டவள் நான்.

நீ சாக்கைத் தூக்கிப் பார்த்த அந்த இன்ஜின் கபீரின் வண்டியினுடையது. உடைந்த பிரேமை அவர் வெட்டிப் புதைத்துவிட்டார். இன்ஜினை மட்டும் கழற்றி, நல்ல நாற்பத்துநாலு பிரேம் ஒன்றை எடுத்து, கழுத்தில் ஒரு பொட்டு வர்ணம் இல்லாமல் சுரண்டி, பார்த்து, பிறகு பூட்டினார். அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. எதற்கு என்று கேட்டேன். "தெரியல. சும்மா போட்டு வைக்க மனசு வரல" என்றார். அதை ஒரு நாளும் ரோட்டில் எடுக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் பஸ் ஏறிப் பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காடு போனேன். கபீருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்ன இடம், வலை நூலும் மண்ணெண்ணெயும் விற்கிறான். வாப்பா போய்ச்சேர்ந்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். கட்டைக்கால் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்றான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஜின் என்ன வருஷம், பிரேம் என்ன வருஷம், அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். அழுகை வரும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வரவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் படித்துக் காட்டுவது போல இருந்தது.

ஒரு ஆள் வந்து மண்ணெண்ணெய் கேட்டான், கபீர் அளந்து ஊற்றிக் கொடுத்தான். பிறகு கேட்டான்.

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயே போய்ச் சேந்துட்டாரா?"

"ஆமா."

"அவரு இங்க வருவாருக்கா, உங்களுக்குத் தெரியுமா? மாசத்துக்கு ஒரு தபா வருவாரு. நாலு வருசம். தோ, நீங்க நிக்கிற எடத்துலதான் நிப்பாரு. இந்தக் கட்டக்கால்ல வார் அறுந்தா அவருதான் தச்சுக் குடுப்பாரு. ஒரு நாளாவது உக்காருங்கண்ணேன்னு நான் சொன்னதில்லக்கா. ஒரு வாய் தண்ணி குடுத்ததில்ல. எங்க வாப்பா கூடச் சொன்னாரு, போவுதுடா, அந்த மனுசன வுட்றுன்னு. நான் வுடல. எங்காலு போனதுக்கு நீதான் காரணம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். ஆமாம்பா, நாந்தான்னாரு."

லோடு விஷயமாகப் பொன்னேரி போகிறேன் என்று மாதா மாதம் அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது இதற்குத்தான். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கபீர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "இப்ப வந்து சொல்றீங்களே, இத வச்சிக்கினு நான் இன்னாக்கா பண்றது? அவரு இருந்தாலாவது உக்காருங்கன்னு சொல்லலாம்" என்றான். அவனுடைய மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கு நான் யார் என்று தெரியாது. அந்த ஊர்த் தண்ணீர், டீ உப்புக் கரித்தது. குடித்தேன். வண்டி உன்னுடையதுதான், என்ன செய்யட்டும் என்று அவனிடம் கேட்டேன். "அதப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க" என்றான். கிளம்பும்போது மட்டும், "உங்க புள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு லேசாகவில்லை. கபீருக்கு இன்னொரு பாரம்தான் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது உனக்கும் கொடுக்கிறேன். தாமதமாகச் சொன்னால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. நீயும் ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். அவளிடம் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே மாற்றிச் சொல்லிவிடு. ஒரு நிமிஷம் முகம் சிவக்கும். நான் எட்டு வருஷம் சொல்லாமலே பழகிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எவ்வளவோ மேல். அவள் நீ சொன்னதைச் சரிபார்க்காமல் நம்புகிறவளாக இருந்தால் இன்னும் கவனமாக இரு.

மேஜருக்கு நானே எழுதிவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று கேட்கவில்லை. இன்ஜின் முப்பத்தொன்பது, பிரேம் நாற்பத்துநாலு, இந்த வண்டி விற்பனைக்கு இல்லை, என் பிள்ளை இன்ஜின் நம்பரை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னான், அவனுக்கு வேறொன்றும் தெரியாது என்று எனக்கு வந்த இங்கிலீஷில் எழுதினேன். கபீர் விஷயத்தையும் எழுதினேன். இதனால் சம்பந்தத்தில் ஏதாவது சங்கடம் வந்தால் அது என்னால் வந்தது என்று நீ தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் பெண்ணைக் கொடுக்கிறவர்கள், எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

உன் அப்பா தப்பு ஒன்றும் செய்யவில்லை. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை பக்கம் ஆயிற்று. அவரைப் பற்றி உன் பெண்டாட்டி கேட்டால் என்ன சொல்வது என்று இனிமேல் நீ யோசிக்க வேண்டியதில்லை. என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம்.

கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்துவைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. இதைப் படித்த பிறகு நான் வரலாமா என்று ஒரு கார்டு போடு. வர வேண்டாம் என்று தோன்றினால் வர வேண்டாம் என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். எதையும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கும்மிடிப்பூண்டியிலிருந்து,
உன் அம்மா